அறிதுயில் காட்டிய அடிமனம்

மனிதன் தன் துயரத்தின் காரணத்தைத் தான் அறிந்திருப்பதாகவே எண்ணுகிறான். பொருளை இழந்தவன் அந்தப் பொருளைச் சொல்லி வருந்துகிறான். மகவை இழந்தவள் அந்த மகவின் பெயரைச் சொல்லி அழுகிறாள். இத்தகைய துயரத்தை உலகம் புரிந்துகொள்கிறது. அருகிருந்து ஆறுதலும் கூறுகிறது. ஆயின், காரணம் காட்ட முடியாத துயரம் ஒன்றும் உலகில் உண்டு. கண்ணில் பழுதில்லை, ஆனால் பார்வை இல்லை. காலில் முறிவில்லை, ஆனால் நடக்க முடியவில்லை. தொண்டையில் நோயில்லை, ஆனால் பேச்சு எழவில்லை. காரணம் யாதெனக் கேட்டால், "எனக்கே தெரியவில்லை" என்பதுதான் நோயாளியின் விடை.

இவர்களை உலகம் நெடுங்காலம் இரண்டு வகையாகவே நடத்தி வந்தது. ஒரு சாரார் இவர்களைப் பேய் பிடித்தது என்றனர். மற்றொரு சாரார் இவர்கள் பாசாங்கு செய்கின்றனர் என்றனர். முன்னையதற்கு வேப்பிலையும் பிரம்பும் மருந்தாயின. பின்னையதற்கு ஏச்சும் தண்டனையும் மருந்தாயின. பேயும் அன்று, பாசாங்கும் அன்று, மூன்றாவது காரணம் ஒன்று உண்டு என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ள நூறாண்டுகளுக்கு மேல் சென்றன. அந்த மூன்றாவதைத்தான் இன்று நனவிலி மனம் என்றும் அடிமனம் என்றும் கூறுகிறோம். அறிஞர்கள் அதனைக் கண்டது ஏட்டு ஆராய்ச்சியினால் மட்டும் அன்று. மேடைகளில் வேடிக்கையாகக் காட்டப்பட்ட மனவசியம் என்னும் கலையின் வழியாகவே பெரிதும் கண்டனர். அந்த வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

மனவசியத்துக்கு அறிதுயில் என்றும் தமிழில் ஒரு பெயர் உண்டு. திருமாலின் துயிலுக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அது. கண் மூடியிருப்பினும் அறிவு மறையாத துயில் என்பது அதன் பொருள். மனவசியத்தில் ஆழ்ந்தவன் உண்மையில் உறங்குவதில்லை. கேட்கிறான், பேசுகிறான், விடையிறுக்கிறான். ஆதலின் இப்பெயர் அதற்கு நன்கு பொருந்துகிறது.

மெஸ்மரின் தொட்டி

இவ்வரலாறு ஒரு பிழையில் தொடங்குகிறது. பிரான்ஸ் ஆண்டன் மெஸ்மர் 1734ஆம் ஆண்டில் பிறந்தவர். வியன்னாவில் மருத்துவப் பட்டம் பெற்றவர். அண்டமெங்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாய்பொருள் நிறைந்திருக்கிறது என்றும், உடலில் அதன் ஓட்டம் தடைப்படுவதே நோய் என்றும் அவர் நம்பினார். அதற்கு உயிர்க்காந்தம் என்று பெயரும் இட்டார். 1778ஆம் ஆண்டில் பாரிஸ் நகருக்குச் சென்ற அவரை நாடிச் செல்வர்கள் திரண்டனர். பெரிய மரத்தொட்டி ஒன்றில் நீரும் இரும்புத் தூளும் புட்டிகளும் இட்டு, அதன் மூடியிலிருந்து இரும்புக் கம்பிகள் நீண்டிருக்குமாறு அவர் அமைத்தார். நோயாளிகள் அதனைச் சூழ்ந்து அமர்ந்து, கம்பிகளை நோயுள்ள இடத்தில் வைத்துக்கொண்டனர். மெல்லிசை ஒலித்தது. சிறிது நேரத்தில் சிலர் துடித்தனர், சிலர் அலறினர், சிலர் மயங்கி வீழ்ந்தனர். தெளிந்து எழுந்தபின் நோய் குறைந்ததாகப் பலர் கூறினர்.

1784ஆம் ஆண்டில் மன்னர் பதினாறாம் லூயி இதனை ஆராய ஒரு குழுவை அமைத்தார். அமெரிக்கத் தூதராக அப்போது அங்கிருந்த பெஞ்சமின் பிராங்ளின், வேதியியல் அறிஞர் லவாய்சியர், வானியல் அறிஞர் பெய்லி முதலியோர் அதில் இடம்பெற்றனர். மெஸ்மரின் மாணவரான தெஸ்லோன் என்னும் மருத்துவர் தம் முறையைக் காட்ட முன்வந்தார். பாஸி என்னும் ஊரில் பிராங்ளின் தங்கியிருந்த வீட்டுத் தோட்டத்தில் ஒரே ஒரு மரத்துக்கு அவர் காந்தம் ஏற்றினார். பிறகு பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்ணைக் கட்டி அழைத்து வந்து, ஒவ்வொரு மரமாகத் தழுவச் செய்தனர். காந்தம் ஏற்றிய மரத்தை அடையுமுன்பே, நான்காவது மரத்தடியில் அவன் மயங்கி வீழ்ந்தான். அம்மரத்தில் எந்தக் காந்தமும் ஏற்றப்படவில்லை.

கற்பனை இருந்தால் காந்தம் இல்லாமலேயே துடிப்பு உண்டாகிறது. கற்பனை இல்லாதபோது காந்தம் எதனையும் செய்வதில்லை. இதுவே குழு கண்ட முடிபு. முடிபு சரியானதே. ஆயினும், வெறும் கற்பனை என்று சொல்லி அறிஞர்கள் அத்துடன் அமைதி அடைந்துவிட்டனர். ஒரு சிறுவனை மயக்கி வீழ்த்தும் அளவுக்கு வலிமை வாய்ந்த கற்பனை எங்கிருந்து வருகிறது, எவ்வாறு தொழிற்படுகிறது என்ற வினாவை அன்று எவரும் எழுப்பவில்லை. மெஸ்மர் பொய்யர் எனத் தள்ளப்பட்டார்; அவருடன் அவ்வினாவும் தள்ளப்பட்டது.

உழவன் உரைத்த மனக்குறை

அதே 1784ஆம் ஆண்டில் பிரான்சின் பூசான்சி என்னும் சிற்றூரில் மற்றொரு நிகழ்ச்சி நடந்தது. அவ்வூர்ப் பிரபுவாகிய பூய்செகூர் மெஸ்மரிடம் பயின்றவர். நெஞ்சு நோயால் படுத்திருந்த விக்டர் ராஸ் என்னும் 23 வயது உழவனுக்கு அவர் காந்தச் சிகிச்சை செய்தார். இளைஞன் துடிக்கவில்லை, அலறவில்லை. அமைதியாக உறங்குவது போன்ற நிலையை அடைந்தான். ஆயின், அந்நிலையிலேயே வாய்விட்டுப் பேசலானான். விழித்திருக்கும்போது பிரபுவின் முன் வாய் திறக்கவும் கூசும் அவன், தன் தமக்கையோடு நேர்ந்த பூசலையும் அதனால் தன் மனம் படும் பாட்டையும் எடுத்துரைத்தான். விழித்தபின் அவனுக்கு இவற்றில் ஒன்றும் நினைவில்லை.

இச்சிறு நிகழ்ச்சியில் பின்வந்த கண்டுபிடிப்புகளின் வித்துகள் பல அடங்கியிருந்தன. ஒருவன் மனத்தில் இருப்பதனைத்தும் அவன் விழிப்பு நிலையில் எட்டுவதில்லை. எட்டாத பகுதியில் இருப்பவை அழிந்தும் போவதில்லை. அவற்றைக் கேட்க ஒருவர் பொறுமையோடு அமர்ந்தால் அவை வெளிப்படுகின்றன. எனினும் பூய்செகூர் காலத்தார் இவற்றைவிட, துயிலில் இருப்போர் எதிர்காலம் உரைப்பர் போன்ற வியப்புச் செய்திகளையே பெரிதும் நாடினர்.

கோவாவிலிருந்து சென்ற பாதிரியார்

ஆற்றல் மனவசியம் செய்பவனிடம் இல்லை, அதற்கு உட்படுபவனிடமே இருக்கிறது என்று துணிந்து உரைத்தவர் நம் இந்திய மண்ணில் பிறந்த ஒருவர். கோவாவில் காண்டோலிம் என்னும் ஊரில் 1756ஆம் ஆண்டில் பிறந்த ஹோஸே குஸ்தோதியோ தே பாரியா, இளமையிலேயே தந்தையாருடன் போர்ச்சுகல் சென்று, ரோமாபுரியில் பயின்று, கத்தோலிக்கப் பாதிரியார் ஆனவர். 1813ஆம் ஆண்டில் அவர் பாரிஸ் நகரில் அறிதுயில் பற்றிப் பொதுமக்களுக்குச் செயல்முறை விளக்கங்களுடன் சொற்பொழிவு ஆற்றத் தொடங்கினார். தொட்டியும் கம்பியும் அவரிடம் இல்லை. நாற்காலியில் அமர்ந்து கண்ணை மூடி மனத்தை ஒருமுகப்படுத்துமாறு கூறுவார்; பிறகு உரத்த குரலில் உறங்குமாறு கட்டளையிடுவார்.

தம்மிடமிருந்து எந்தப் பாய்பொருளும் வெளிச்செல்லவில்லை என்றும், உறங்குபவரின் உள்ளமே அனைத்தையும் செய்கிறது என்றும் பாரியா விளக்கினார். வியப்பை விற்றுப் பிழைக்கும் கலையில் இவ்வாறு உண்மை கூறுபவருக்கு இடமில்லை. காந்த வாதிகள் அவரை வெறுத்தனர், திருச்சபையினர் ஐயுற்றனர், 1816ஆம் ஆண்டில் பாரிஸ் நாடக மேடையிலும் அவர் கலை எள்ளி நகையாடப்பட்டது. 1819ஆம் ஆண்டில், தம் கொள்கையை விளக்கும் நூல் வெளிவந்த அவ்வாண்டிலேயே, அவர் மறைந்தார். இன்று கோவாவின் தலைநகர் பணஜியில் அவருக்குச் சிலை ஒன்று நிற்கிறது.

கத்திமுனையில் ஒரு சோதனை

1841ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரில் மேடை வசியம் ஒன்றைக் காணச் சென்ற ஜேம்ஸ் பிரெய்டு என்னும் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர், அது மோசடியே என்ற எண்ணத்துடன் சென்றார். ஆயின், மேடையில் இருந்தவரால் உண்மையாகவே கண் இமைகளைத் திறக்க முடியவில்லை என்பதைக் கண்டு வியந்தார். வீடு திரும்பித் தம் மனைவியையும் நண்பரையும் பணியாளரையும் ஒளிரும் பொருளை இமையாது நோக்கச் செய்து, அதே நிலையை உண்டாக்கினார். 1843ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில், கிரேக்க மொழியில் துயிலைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஹிப்னாடிசம் என்ற பெயரை வழக்கில் நாட்டினார். மாயமாக இருந்தது இவ்வாறு மருத்துவத்தின் பக்கம் வந்து சேர்ந்தது.

மயக்க மருந்து அறியப்படாத காலம் அது. 1842ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு தொழிலாளியின் கால் அறிதுயில் நிலையில் துண்டிக்கப்பட்டது. அவர் வலியால் துடிக்கவில்லை என்ற செய்தி இலண்டன் மருத்துவச் சங்கத்தில் படிக்கப்பட்டபோது, அவர் வலியை மறைத்து நடித்திருப்பார் என்று புகழ்பெற்ற மருத்துவர் ஒருவர் வாதிட்டார். தொடையெலும்பை வாளால் அறுக்கும்போது அசையாது கிடந்தவரையும் பாசாங்கு செய்பவர் என்று கூற மருத்துவர்கள் கூசவில்லை.

வங்காளத்தின் ஊக்ளி நகரில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக இருந்த ஜேம்ஸ் எஸ்டெயில், 1845ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள், விதைவீக்கத்தால் வருந்திய சிறைக் கைதி ஒருவரிடம் இம்முறையை முதன்முதலாகச் சோதித்தார். அதன்பின் யானைக்கால் நோயால் உண்டான பெருங்கட்டிகளை அகற்றும் அறுவைகள் உட்படப் பலவற்றை இம்முறையில் செய்தார். அவருக்கு உதவியாக மணிக்கணக்கில் நோயாளிகளைத் துயிலச் செய்தவர்கள் இந்திய இளைஞர்களே. 1846ஆம் ஆண்டில் அரசாங்கம் குழு அமைத்து ஆராய்ந்து, கல்கத்தாவில் சோதனைக்கென ஒரு மருத்துவமனையையும் வழங்கியது. ஆயின், அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்க மருந்து வெற்றி கண்டது. மறு ஆண்டு குளோரோபாரம் வந்தது. எல்லாருக்கும் விரைவில் பயன்படும் மருந்து வந்தபின், சிலருக்கு மட்டும் நெடுநேர முயற்சியில் பயன்படும் அறிதுயில் பின்தங்கியது இயற்கையே.

இரு நகரங்களின் வாதம்

அறிதுயில் உடல்வலியை விடுத்து உள்ளத்தின் வலிக்குத் திரும்பியது பாரிஸ் நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில். முற்காலத்தில் வெடிமருந்துச் சாலையாக இருந்த அவ்விடம், பின்னர் ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்களும் முதியோரும் நோயாளிகளும் வாழும் பெருமனையாயிற்று. அங்கே நரம்பு மருத்துவத்தில் பெரும்புகழ் பெற்ற ழான் மார்ட்டின் சார்க்கோ, ஹிஸ்டீரியா என்னும் இசிவு நோயை ஆராய்ந்தார். அந்நோயினரை மருத்துவர்கள் பொய்யர் என்று விரட்டி வந்த காலத்தில், அவர்களது நோய் உண்மையானது, பெண்களுக்கு மட்டும் உரியதும் அன்று என்று அவர் நிறுவ முயன்றார். 1882ஆம் ஆண்டில் அவர் அறிவியற் கழகத்தில் அறிதுயில் பற்றிக் கட்டுரை படித்தபின், அதனை ஆராய்வது படித்தவர்க்கு இழுக்கு என்ற நிலை மாறிற்று.

சார்க்கோவிடம் வந்த ஆண் நோயாளி ஒருவர், கைவண்டி தள்ளிச் சென்றபோது குதிரை வண்டி மோதி வீழ்ந்தவர். அதன்பின் அவர் கால்கள் செயலிழந்தன. வண்டிச் சக்கரங்கள் தம் கால்கள்மீது ஏறிச் சென்றதாக அவர் உறுதியாக நம்பினார். உண்மையில் அவை ஏறவே இல்லை. ஏறின என்ற எண்ணமே கால்களைச் செயலிழக்கச் செய்தது என்று சார்க்கோ விளக்கினார். அறிதுயிலில் இருப்பவருக்குச் சொல்லாலேயே இத்தகைய செயலிழப்பை உண்டாக்கியும் நீக்கியும் காட்டினார். எண்ணம் உடலை முடக்க வல்லது என்பதற்கு இது கண்கூடான சான்றாயிற்று.

எனினும் சார்க்கோவும் ஒரு பிழை செய்தார். அறிதுயிலுக்கு மூன்று படிகள் உண்டு என்றும், இசிவு நோயாளிகளுக்கே அது கைகூடும் என்றும் கூறினார். நான்சி நகரில் லியெபோல் என்னும் எளிய மருத்துவர் ஏழைகளுக்கு இம்முறையில் மருத்துவம் செய்து வந்தார். அவரிடம் கற்ற பேராசிரியர் பெர்ன்ஹைம் இக்கொள்கையை மறுத்தார். நலமுள்ளவர்க்கும் அறிதுயில் கைகூடும், அதன் உயிர்நாடி கருத்தேற்றமே என்பது அவர் வாதம். சார்க்கோ கூறிய மூன்று படிகளும் முறையாக அமைந்த ஒருவரையே தாம் கண்டதாகவும், அப்பெண் மூன்றாண்டுகள் சால்பெத்ரியேரில் இருந்தவர் என்றும் அவர் குறிப்பிட்டார். மருத்துவர் எதை எதிர்பார்க்கிறாரோ அதை நோயாளி தன்னையறியாமலே அளித்துவிடுகிறார். இந்த எச்சரிக்கை இன்றும் மறக்கத் தக்கதன்று.

திறந்த குடை

1889ஆம் ஆண்டில் நான்சிக்குச் சென்று பெர்ன்ஹைமின் சோதனைகளைக் கண்டவர்களுள் ஒருவர் வியன்னா மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு. தம் இறுதிக் காலத்தில் அவற்றுள் ஒன்றை அவர் நினைவுகூர்ந்து எழுதினார். மருத்துவர் ஒரு நோயாளியைத் துயிலச் செய்து, தாம் வெளியே சென்று திரும்பும்போது குடையை விரித்துத் தம் தலைக்குமேல் பிடிக்குமாறு கட்டளையிட்டார். நோயாளி விழித்தார், கட்டளை அவர் நினைவில் இல்லை. மருத்துவர் அறைக்குள் திரும்பி வந்ததும், அவர் குடையை விரித்துப் பிடித்தார். ஏன் இவ்வாறு செய்கிறாய் எனக் கேட்டபோது அவர் திகைத்தார். வெளியே மழை பெய்வதால் அறையிலேயே குடையை விரித்துக்கொள்ள மருத்துவர் விரும்புவார் என்று எண்ணியதாக ஏதோ ஒரு காரணம் கூறினார்.

இதனை ஊன்றி நோக்க வேண்டும். செயலைச் செய்தவர் அவரே. செயலின் உண்மைக் காரணம் அவர் மனத்திலேயே இருந்தது. எனினும் அவர் அதை அறியவில்லை. அறியாதவர் வாளாவிராமல், பொருந்துவது போன்ற ஒரு காரணத்தைப் படைத்துக்கொண்டார். அக்காரணத்தை அவரே நம்பினார். நம் அன்றாட வாழ்விலும் நம் சினத்துக்கும் வெறுப்புக்கும் நாம் கூறும் காரணங்களுள் எத்தனை இத்தகையவையோ!

மற்றொன்றையும் பெர்ன்ஹைம் காட்டினார். துயிலில் நடந்தது எதுவும் நினைவில்லை என்று கூறியவரை விடாது வற்புறுத்திக் கேட்டால், நினைவு சிறிது சிறிதாகத் திரும்பி வந்தது. மறந்தது அழிந்ததன்று, வாயிலுக்கு அப்பால் நின்றது. பிராய்டின் பிற்கால முறைக்கு இது வழிகாட்டிற்று.

ஓர் ஆசிரியர் மீட்ட பார்வை

அதே 1889ஆம் ஆண்டில் பியேர் ழானே என்னும் பிரெஞ்சு அறிஞர் தம் ஆய்வு நூலை வெளியிட்டார். அவர் அப்போது லெ ஹாவ்ர் துறைமுக நகரில் மெய்ப்பொருளியல் கற்பித்த பள்ளி ஆசிரியர். ஓய்வு நேரங்களில் அவ்வூர் மருத்துவமனைக்குச் சென்று நோயாளிகளை ஆராய்ந்தார். அங்கே மாரி என்ற பெயரால் அவர் குறிப்பிடும் 19 வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு வேறு துன்பங்களோடு இடக்கண்ணில் பார்வையும் இல்லை. தான் பிறவியிலேயே அவ்வாறு இருப்பதாக அவள் கூறினாள். அவள் பொய் சொல்லவில்லை. தன் மனம் அறிந்ததைச் சொன்னாள்.

ழானே அவளை அறிதுயிலில் ஆழ்த்தி, குழந்தைப் பருவத்துக்கு மனத்தால் திரும்பச் செய்தார். ஐந்து வயதுச் சிறுமியாகத் தன்னை எண்ணிய நிலையில், அவளுக்கு இரு கண்களும் நன்றாகத் தெரிந்தன! ஆகவே குறை பிறவியினது அன்று. ஆறாம் வயதில், முகத்தின் இடப்புறம் முழுதும் சொறிப்புண் படர்ந்த ஒரு குழந்தையுடன், அவள் அழுது மறுத்தும் கேளாமல், ஒரே படுக்கையில் அவளைப் படுக்க வைத்திருந்தனர். அந்த அருவருப்பும் அச்சமும் நினைவிலிருந்து மறைந்தன. ஆனால், இடக்கண்ணின் பார்வையும் அவற்றுடன் மறைந்தது. ழானே துயில் நிலையிலேயே அக்காட்சியை மீண்டும் எழுப்பி, அக்குழந்தைக்குப் புண் இல்லை, அவள் அழகிய நல்ல பிள்ளை என்று எடுத்துரைத்தார். நெடுநேரத் தயக்கத்துக்குப்பின் மாரி அக்குழந்தையை அஞ்சாது தடவிக் கொடுத்தாள். இடக்கண் பார்வை திரும்பிற்று.

சிறு பிள்ளையின் அழுகையைப் பெரியவர்கள் ஓர் இரவில் மறந்தனர். பிள்ளையும் அதை மறந்ததாகவே எண்ணினாள். பதின்மூன்று ஆண்டுகள் அவள் உடல் அதை மறக்கவில்லை. விழிப்பு நிலைக்கு எட்டாது நின்று தொழிற்படும் இத்தகைய எண்ணங்களைக் குறிக்க ழானே அடிமனம் என்ற பொருள்தரும் சொல்லை ஆண்டார்.

துயிலிலிருந்து செவிமடுத்தலுக்கு

வியன்னாவில் 1880 முதல் 1882 வரை ஜோசப் புரோயர் என்னும் மருத்துவர் ஓர் இளம்பெண்ணுக்கு மருத்துவம் செய்தார். நோயுற்ற தந்தையைப் பேணும் காலத்தில் தாமும் நோயுற்றவர் அவர். ஒரு கோடைகாலத்தில் அவரால் ஆறு வாரம் தண்ணீர் அருந்த முடியவில்லை. குவளையை வாயருகில் கொண்டுபோனதும் தள்ளிவிடுவார். அறிதுயிலில் ஒருநாள், தம் தோழிப் பெண்மணியின் நாய் குவளையில் நீர் குடித்ததையும், மரியாதை கருதித் தாம் ஒன்றும் சொல்லாதிருந்ததையும் வெறுப்புடன் கூறினார். கூறி முடித்ததும் தண்ணீர் கேட்டு அருந்தினார். பேசித் தீர்க்கும் இம்முறைக்குப் பேச்சுச் சிகிச்சை என்று பெயரிட்டவர் அந்த நோயாளியே. புரோயரும் பிராய்டும் இவ்வரலாற்றை 1895ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டனர்.

நூலில் அவர் நலமடைந்ததாகவே எழுதப்பட்டது. உண்மை அவ்வளவு எளிதன்று. 1882ஆம் ஆண்டில் அவர் மேலும் சிகிச்சைக்காக வேறொரு நலமனையில் சேர்க்கப்பட்டார் என்பது பின்னர்த் தெரியவந்தது. ஆயினும் அவர் வாழ்வு நோயோடு முடியவில்லை. பெர்த்தா பாப்பன்ஹைம் என்னும் அப்பெண்மணி அநாதைப் பிள்ளைகளுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் தொண்டாற்றி, 1904ஆம் ஆண்டில் ஜெர்மனியில் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவினார். 1954ஆம் ஆண்டில் அந்நாடு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

பிராய்டு நாளடைவில் அறிதுயிலைக் கைவிட்டார். எல்லாரையும் துயிலச் செய்ய அவரால் இயலவில்லை. பெற்ற நலமும் பலரிடம் நிலைக்கவில்லை. அவரது நோயாளி ஒருவர், இது எங்கிருந்து வந்தது என்று ஓயாமல் வினவ வேண்டாம், தாம் சொல்ல வந்ததைச் சொல்லவிட வேண்டும் என்று கடிந்துரைத்தார். பிராய்டு அதை ஏற்றார். கட்டளையிட்ட மருத்துவர் இவ்வாறு செவிமடுக்கும் மருத்துவர் ஆனார். நோயின் கொடுந்துயரை எல்லா மனிதர்க்கும் உள்ள இயல்பான துயராக மாற்றினாலே பெரும்பயன் என்று 1895ஆம் ஆண்டு நூலின் முடிவில் அவர் அடக்கத்துடன் கருதினார். அவர் கொள்கைகளுள் பல பிற்காலத்தில் மறுக்கப்பட்டுள்ளன. எனினும் இந்த அடக்கத்தை மறுப்பார் இலர்.

போர்முனையில் வந்த தீர்ப்பு

1914ஆம் ஆண்டில் மூண்ட உலகப் போர் இவ்வாதத்தை மருத்துவமனையிலிருந்து போர்க்களத்துக்குக் கொண்டுசென்றது. காயமின்றியே ஆயிரக்கணக்கான வீரர்கள் ஊமையாயினர், குருடாயினர், நடக்க இயலாதவராயினர். இங்கிலாந்தில் 1915ஆம் ஆண்டில் இந்நிலை பற்றி மருத்துவ ஏட்டில் எழுதிய சார்ல்ஸ் மையர்ஸ், சிலரிடம் அறிதுயில் முறையால் நினைவை மீட்டார். இவர் 1899ஆம் ஆண்டளவில் சரவாக்கில் ஆய்வு நிகழ்த்தியவர். இவருடைய தோழரான ரிவர்ஸ் என்பார் நீலகிரித் தோடர்களைப் பற்றி 1906ஆம் ஆண்டில் அரிய நூல் வெளியிட்டவர். பல மக்களின் வாழ்வை அருகிருந்து கேட்டறிந்த அவ்விருவரும் வீரர்களின் சொல்லுக்கும் செவி கொடுத்தனர்.

ரிவர்ஸிடம் வந்த அதிகாரி ஒருவர், தம் நண்பனின் உடல் சிதறிக் கிடந்ததைக் கண்டவர். அதை மறந்துவிடுமாறு எல்லாரும் அவருக்கு அறிவுரை கூறியிருந்தனர். பகலில் முயன்று மறந்தார். இரவுதோறும் கொடுங்கனவு வந்தது. உடல் அவ்வாறு சிதறியதே நண்பன் நொடிப்பொழுதில் வலியின்றி இறந்ததற்குச் சான்று என்று ரிவர்ஸ் எடுத்துக் காட்டினார். அதன்பின் அதிகாரி நினைவை விரட்டவில்லை. துயரத்துடன் நினைக்கக் கற்றார். கனவு மீண்டும் வந்தபோது அவர் அஞ்சவில்லை. நண்பன் அருகில் மண்டியிட்டுப் பேசினார்.

எல்லாருக்கும் இத்தகைய மருத்துவர் வாய்க்கவில்லை. போர்முனையை விட்டு ஓடியமை, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் படையில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களுள் மனம் முறிந்தவர்களும் இருந்தனர். அவ்வாறு கொல்லப்பட்ட 306 பேருக்கு அந்நாடு மன்னிப்பு வழங்கியது 2006ஆம் ஆண்டில்தான். பாசாங்கு என்ற சொல்லின் விலை இது.

இன்று அறிந்தவை

1955ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கமும் 1958ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கமும் அறிதுயிலை மருத்துவ முறையாக ஏற்றன. 1997ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், சுடுநீரில் கையை வைத்தவர்களிடம் வலியின் கொடுமை கூடும், குறையும் என்று அறிதுயிலில் கருத்தேற்றினர். அதற்கேற்ப மூளையின் ஒரு பகுதியில் மாற்றம் தோன்றியது. 1842ஆம் ஆண்டின் அந்தத் தொழிலாளி நடித்தார் என்றவர்களுக்கு இது காலந்தாழ்ந்த விடை.

ஆயின் அறிதுயில் உண்மை காட்டும் கண்ணாடி அன்று. அதில் எழும் நினைவுகள் மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். இரண்டையும் நோயாளி ஒரே உறுதியுடன் நம்புவார். 1985ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதுபற்றி எச்சரித்தது. பெர்ன்ஹைம் சார்க்கோவுக்குக் கூறிய குறைதான் இது. ஹிஸ்டீரியா என்ற பெயரும் 1980ஆம் ஆண்டில் அமெரிக்க மனநோய்ப் பட்டியலிலிருந்து நீங்கியது. அப்பெயரால் அழைக்கப்பட்டோருள் அன்று கண்டறிய முடியாத உடல்நோய் கொண்டோரும் இருந்திருக்கலாம். ஆகவே மருத்துவச் சோதனை முதலில் வரவேண்டும்.

மலேசியாவிலும் 1970ஆம் ஆண்டுகளில் மின்னணுத் தொழிற்சாலைகளில் இளம்பெண்கள் திடீரென அலறி மயங்கிய நிகழ்ச்சிகள் பல நடந்தன. பேய் என்றனர் சிலர். வேலைக்கு அஞ்சிய நடிப்பு என்றனர் சிலர். சிலாங்கூரில் ஆராய்ந்து 1987ஆம் ஆண்டில் நூல் வெளியிட்ட ஐவா ஓங் என்னும் அறிஞர், கிராமத்தை விட்டு வந்து கடுங்கட்டுப்பாட்டில் உழைத்த பெண்கள் வாயால் கூற இயலாத குறைகளை அதில் கண்டார்.

மெஸ்மரின் தொட்டி முதல் இன்றுவரை வந்த இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றே. அறியாமல் வருந்துவது பொய்யாக வருந்துவது ஆகாது. காரணம் கூற இயலாத மாணவனும், காரணமின்றி அழும் மனைவியும், பேச்சற்றுப்போன தொழிலாளியும் நம்மை ஏமாற்றுவதாக முடிவு செய்யுமுன், அவர்கள் தம்மையே அறியாதிருக்கலாம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பூசான்சியின் உழவன் 1784ஆம் ஆண்டில் கேட்டதும், கைவண்டித் தொழிலாளியும் மாரியும் அதிகாரியும் பின்னர்க் கேட்டதும் ஒன்றுதான். வசியம் செய்பவர் அரியர். இகழாது கேட்கும் செவியோ எல்லார்க்கும் உண்டு.